கிருபைய ஆள் பாத்து குடுக்குற கூட்டமா ஆயிட்டோம்

போன வாரம் ஊர்ல ஒரு அடக்கத்துக்கு போயிட்டு வந்தேன். வந்ததுல இருந்து மனசு ஒரு நிலையில இல்ல, எழுதி இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும் போல. கொஞ்சம் நீளமாத்தான் போகும், எங்க சபைக்காரங்க பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

இறந்தது எங்க தெரு பாட்டி. அவங்க மகள நாங்க எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவோம். 15 வருஷத்துக்கு முன்னாடி அக்கா வேற மதத்து ஆளு ஒருத்தர் கூட வீட்ட விட்டு போயிட்டாங்க, ரெண்டே வருஷத்துல அவன் விட்டுட்டு போயிட்டான், இடுப்புல ஒரு பொம்பளப் புள்ளையோட திரும்பி வந்தாங்க. வந்த முதல் ஞாயித்துக்கிழமையே கோயிலுக்கு, அதான் எங்க சர்ச்சுக்கு, வந்தாங்க. அன்னிக்கு திருவிருந்து ஆராதனை, இயேசுவோட கடைசி விருந்த நெனச்சு அப்பமும் திராட்சரசமும் வாங்குற நாள். நான் பாடகர் குழுவுல நின்னதால எனக்கு எல்லாமே தெரிஞ்சது. வரிசை வரிசையா எழும்பி போறாங்க, முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்குறாங்க, அக்கா இருந்த வரிசை வந்தப்ப எல்லாரும் எழும்பினாங்க, அக்கா மட்டும் எழும்பல. சபைக் கமிட்டி முடிவு எடுக்குற வரைக்கும் திருவிருந்து எடுக்கக்கூடாதுன்னு ஐயர் (எங்க போதகர்) முந்தின நாளே ஆள் விட்டு சொல்லிட்டாராம். புள்ளையோட கவுன்ல தையல் பிரிஞ்சு ஒரு நூல் தொங்கிட்டு இருந்துச்சு, அத விரல்ல சுத்துறதும் விடுறதுமா இருந்தாங்க. தலைய நிமிர்த்தவே இல்ல.

எங்க அம்மா அன்னிக்கு திருவிருந்து வாங்காம நேரா பின்னாடி போய் அக்கா பக்கத்துல உக்காந்துட்டாங்க. வீட்டுக்கு வந்து ஏம்மா இப்படி பண்ணீங்கன்னு கேட்டேன். "அவளுக்கு இல்லாத பந்தி எனக்கு எதுக்குடா"ன்னாங்க, அவ்வளவுதான், அதுக்கு மேல அதப் பத்தி பேசல.

அதே ஆராதனையில பாவ அறிக்கைய சபை முழுக்க சத்தமா சொன்னோம். மீட்டர் வட்டிக்கு விடுறவரு சொன்னாரு, தம்பி பங்கையும் சேத்து எழுதி வாங்கிக்கிட்டவரு சொன்னாரு, பொண்டாட்டிய அடிக்கிறது தெருவுக்கே தெரிஞ்ச ஆளும் சொன்னாரு. சொல்லிட்டு எழும்பி போய் வாங்கிட்டு வந்து உக்காந்தாங்க. நானும்தான் வாங்கினேன். ஆராதனை முடிஞ்சு வெளியில மரத்தடியில நின்னு அக்காவப் பத்தி பேசின கூட்டத்துல நானும் இருந்தேன், நானும் ரெண்டு வார்த்த சொன்னேன். அத மறைச்சுட்டு இந்தப் பதிவ எழுதுனா நான் பொய்யன்.

கமிட்டில அக்கா சபைக்கு முன்னாடி வந்து மன்னிப்பு கேக்கணும்னு முடிவு பண்ணி, கூட்டத்து முடிவுகள எழுதி வைக்கிற மினிட் புக்ல எழுதுனாங்க. அக்கா வரல. அதுக்கப்புறம் கோயிலுக்கே வரல.

சில வருஷம் கழிச்சு அதே சபையில கட்டட நிதிப் பணத்துல கணக்கு உதைச்சுது. மாட்டினது பெரிய குடும்பத்து ஆளு. அப்ப எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்"னு மத்தேயு 7ஆம் அதிகாரத்த எடுத்து சொன்னாங்க. மனுஷன்தானே, தவறிட்டாரு, நாம யாரு நியாயந்தீர்க்கன்னாங்க. மினிட் புக்க யாரும் தொடல. அடுத்த அசனத்துல, அதான் சபை விருந்துல, அவருதான் முன்னால நின்னு பந்தி விசாரிச்சாரு. அவருக்கு மன்னிப்பு கெடச்சதுல எனக்கு வருத்தம் இல்ல, கெடைக்கட்டும். அதே வசனம் அக்கா வந்தப்ப எங்க போச்சு? கிருபைன்னா தகுதி இல்லாதவனுக்கு கெடைக்கிறதுன்னு சண்டே ஸ்கூல்லயே படிச்சோமே, அத வசதி பாத்து, சொந்தம் பாத்து, ஆம்பள பொம்பள பாத்து அளந்து குடுக்க யாரு நமக்கு சொல்லிக் குடுத்தா?

யோவான் 8ல விபசாரத்துல பிடிபட்ட ஒரு ஸ்திரீய இயேசு முன்னாடி கொண்டு வந்து நடுவுல நிறுத்தி, இவள கல்லெறிஞ்சு கொல்லணும்னு சட்டம் சொல்லுதே, நீர் என்ன சொல்றீர்னு கேக்குறாங்க. அந்த சட்டம் இருக்குற லேவியராகமம் 20:10 ரெண்டு பேரையும் கொல்லணும்னுதான் சொல்லுது, ஆனா அந்த ஆம்பளய யாரும் இழுத்துட்டு வரல. இயேசு சொல்ற பதில் நமக்கு மனப்பாடம், "உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்." அதுக்கப்புறம் "பெரியோர்முதல் சிறியோர்வரைக்கும்" ஒவ்வொருத்தரா போயிட்டாங்கன்னு இருக்கு பாருங்க, பெரியவங்கதான் மொதல்ல போறாங்க. வயசாக ஆக அவங்கவங்க கணக்கு அவங்கவங்களுக்கு தெரியும்ல. எங்க சபையில பெரியவங்கதான் கடைசி வரைக்கும் கல்ல கீழ போடல.

இந்தப் பகுதி பழைய கையெழுத்துப் பிரதிகள் பலதுல இல்லங்கிறது பைபிள் ஆராய்ச்சி படிச்சவங்களுக்கு தெரியும். அது ஏன்னு அறிஞர்கள் இன்னிக்கு வேற வேற காரணம் சொல்றாங்க. ஆனா 1600 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த பிஷப் அகஸ்டின் என்ன சொல்றாருன்னா, விசுவாசம் கம்மியான சில ஆம்பளைங்க, இத படிச்சா தங்களோட பொண்டாட்டிமாருக்கு பாவம் செய்ய லைசென்ஸ் குடுத்த மாதிரி ஆயிடும்னு பயந்து வெட்டி எடுத்துட்டாங்கன்னு சொல்றாரு. அவரு சொன்னது சரியோ இல்லையோ, அந்த பயம் அன்னிக்கே இருந்திருக்கு பாருங்க. இன்னிக்கு பைபிள்ல அந்தப் பக்கம் பத்திரமா இருக்கு, ஆனா கமிட்டி ரூமுக்குள்ள போகும்போது வெளியில வச்சுட்டுத்தான் போறோம்.

உடனே ஒருத்தர் கமெண்ட்ல வருவாரு, "இனிப் பாவஞ்செய்யாதே"ன்னும் சொன்னாரேன்னு. சொன்னாரு. எப்ப சொன்னாரு? கல்லு வச்சிருந்த கடைசி ஆளும் போனதுக்கப்புறம், "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை"ன்னு சொன்னதுக்கப்புறம், வேடிக்க பாக்க வந்த ஒருத்தன் கூட பக்கத்துல இல்லாதப்ப அவகிட்ட மட்டும் சொன்னாரு. நாம மைக் போட்டு சொல்றோம்.

பாவத்த பாவம்னு சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லல. மன்னிப்பு லேசான விஷயம்னும் சொல்லல. மத்தேயு 18ல இயேசு ஒரு கடன்காரன் கதை சொல்றாரு, ராஜா அவனோட பெரிய கடன தள்ளுபடி பண்றாரு, அவன் வெளியில வந்து தனக்கு கொஞ்சம் கடன்பட்டவன் கழுத்த நெரிக்கிறான், அத ஒரு நாள் கணக்கு போட்டு பாத்தேன். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்துன்னா 6000 நாள் கூலி. இன்னிக்கு நாள் கூலி 500 ரூபாய்னு வைங்க, ராஜா தள்ளுபடி பண்ண பதினாயிரம் தாலந்து 3000 கோடி ரூபாய் வருது. அவன் கழுத்த நெரிச்சு கேட்ட நூறு வெள்ளிப்பணம் 50,000 ரூபாய். இத்தன நாளா அது சில்லற காசுன்னுதான் நெனச்சிருந்தேன், ஆனா கூலி வேல செய்றவனுக்கு 50,000 சின்ன காசா? அப்ப இயேசு உன் காயம் ஒண்ணுமே இல்லன்னு சொல்லல, வலி நிஜம்தான், ஆனா உனக்கு தள்ளுபடி ஆனது 3000 கோடிங்கிறாரு.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவ நெனச்சுக்கோங்க. 1999 ஜனவரி 22 ராத்திரி, ஒடிசாவுல மனோகர்பூர்ங்கிற கிராமத்துல, வண்டிக்குள்ள தூங்கிட்டு இருந்த அவங்க கணவர், ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாமையும் 10 வயசு பிலிப்பையும் 6 வயசு திமோத்தியையும் உயிரோட எரிச்சாங்க. அந்தம்மா மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க, சொல்லிட்டு உடனே ஆஸ்திரேலியாவுக்கு ஓடிப் போகல, பாரிபடாவுல தொழுநோயாளிகள் இல்லத்த வருஷக்கணக்கா மகளோட இருந்து பாத்துக்கிட்டாங்க. ஆனா அவங்க மன்னிச்சதால கேஸ் நிக்கல. கோர்ட்டு அதோட வேலைய செஞ்சது, 2011ல சுப்ரீம் கோர்ட்டு முக்கிய குற்றவாளி தாரா சிங்கோட ஆயுள் தண்டனைய உறுதி பண்ணுச்சு. மனசுல கசப்பு வைக்காம இருக்கிறது வேற, நடந்தத மூடி மறைக்கிறது வேற.

இத ஏன் அழுத்தி சொல்றேன்னா, அடி வாங்குற பொண்ணுங்ககிட்ட போய் "மன்னிச்சிரும்மா, ஏழெழுபது தரம்"னு, எத்தன தரம் மன்னிக்கணும்னு கேட்டதுக்கு இயேசு சொன்ன பதில சொல்லி அதே வீட்டுக்கு திருப்பி அனுப்புறதும் நம்ம சபைகள்லதான் நடக்குது. மன்னிக்கிறதா வேண்டாமான்னு காயம்பட்டவங்கதான் சொல்லணும், அவங்களுக்கு பதிலா நாம கையெழுத்து போட முடியாது. யோசிச்சு பாருங்க, அக்கா எனக்கு என்ன கெடுதல் பண்ணாங்க? கமிட்டிக்கு என்ன கெடுதல் பண்ணாங்க? அவங்க அம்மா மனசு ஒடைஞ்சது, அந்த அம்மா வாசல் கதவ தெறந்து புள்ளைய வாங்கி இடுப்புல வச்சு அன்னிக்கே மன்னிச்சுட்டாங்க. மிச்சம் இருந்த எங்களுக்கு அதுல என்ன வழக்கு?

அந்தப் பாட்டிக்குத்தான் போன வாரம் அடக்கம். ஐயர் மாறி வேற ஐயர் வந்துட்டாரு, கமிட்டியும் மாறிடுச்சு. ஆனா அன்னிக்கு மினிட் புக்ல எழுதின செயலர் மாமா வந்திருந்தாரு, இப்ப வயசு எழுபதுக்கு மேல, நடக்கவே தடுமாறுறாரு. கல்லறைத் தோட்டத்துல இருந்து திரும்பி வந்து எல்லாரும் பந்தல்ல உக்காந்திருந்தோம். பக்கத்து வீட்டுக்காரங்க கடுங்காப்பி போட்டு தூக்குல கொண்டு வந்து எல்லாருக்கும் ஊத்துனாங்க. அக்கா உள்ள இருந்து ஒரு டம்ளர தனியா எடுத்துட்டு வந்து அவரு முன்னாடி நீட்டுனாங்க. "மாமா, உங்களுக்கு சீனி ஆகாதுல்ல, இது சீனி போடாதது."

அவரு வாங்கி ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு அப்படியே இருந்தாரு. குடிக்கல. காப்பி ஆறிப் போச்சு. கெளம்பும்போது வாசல்ல நின்னு, "ஞாயித்துக்கிழம புள்ளையக் கூட்டிட்டு கோயிலுக்கு வாம்மா"ன்னாரு.

"பாப்போம் மாமா"ன்னு சொல்லிட்டு அக்கா டம்ளர வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க.