உடம்புக்கு நல்லதுதான், யார் உடம்புக்கு?

எங்கள் வீட்டில் நாலு பேருக்கு நாலு பத்தியம். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, கிட்னி பிரச்சினை; கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 3-ஐத் தாண்டிவிட்டது. அத்தைக்கு இருபது வருஷச் சர்க்கரை. வீட்டுக்காரருக்கு பி.பி. மகளுக்கு ஹீமோகுளோபின் 9.2. எனக்கு ஒன்றுமில்லை, சட்டியில் மிஞ்சுவதுதான் என் பத்தியம்.

"நாலு சமையலா செய்றே?" என்று பாவப்படுகிறார்கள். சமையல்கூடச் சமாளித்துவிடலாம். "இது உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான்.

வீட்டுக்காரருக்கு பி.பி. இறங்கவில்லை என்று சோடியம் குறைந்த உப்பு ஒரு பாக்கெட் வாங்கினேன். எல்லாருக்கும் நல்லதுதானே என்று உப்பு ஜாடியிலேயே கொட்டிவிட்டேன். அடுத்த மாதம் மாமாவுக்கு ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் 5.9. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டயட்டீஷியன் பெண் ஒரே கேள்விதான் கேட்டாள்: "உப்பு மாத்தினீங்களா ஆன்ட்டி?"

அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். நல்ல கிட்னி கூடுதல் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். மாமாவுடையது தள்ளாது, ரத்தத்திலேயே தங்கும், அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். 2025 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது பொருந்தாது என்று சொல்லித்தான் பரிந்துரைத்தது. பாக்கெட்டின் முதுகிலும் பொடி எழுத்தில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து செல்போனில் பெரிதாக்கிப் படித்தேன். மூன்று நாள் மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம்தான் எங்கே பிரிப்பது என்று கற்றுக்கொண்டேன். சுரைக்காய்க் கூட்டு என்றால் மாமா பங்குக் காயை மட்டும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டுகிறேன். பொட்டாசியம் அதோடு கொஞ்சம் போய்விடும். "காய் வெந்த தண்ணியைக் கொட்டாதடி, சத்தெல்லாம் போயிடும்" என்று என் அம்மா அடித்துச் சொல்லிக் கொடுத்ததை ஐம்பது வயதில் மறக்க வேண்டியிருக்கிறது. அரைத்த விழுதும் தாளிப்பும் எல்லாருக்கும் ஒன்றுதான். உப்பு போடும் முன் மாமாவுக்கு எடுத்துவிடுவேன். பாதி உப்பு போட்டதும் வீட்டுக்காரருக்கு. கடைசியில்தான் முழு உப்பு. மாமா கிண்ணத்தில் மட்டும் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை இன்னொரு முறை. உப்பில்லாத குறையை வாசனை பாதி மறைக்கும். மீதிப் பாதியை அவர் முகம் சொல்லும்.

அத்தை கதை வேறு. 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தார்களே, அன்று முதல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அரிசிதான் எதிரி. தினமும் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி குடித்தார். சர்க்கரை ஏறியது. ஏறாமல்? கேழ்வரகிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்துதான். நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் இன்னும் வேகமாக ரத்தத்தில் கலக்கும். இப்போது இரண்டு அடை, கூடவே காய். அதே கேழ்வரகு மாமாவுக்கு ஆகாது, வெள்ளை அரிசியைவிடப் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம். எல்லாரும் திட்டுகிற வெள்ளைச் சோறுதான் அவருக்குப் பத்தியச் சாப்பாடு! இதை உறவுக்காரர்களிடம் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

மகளுக்கு இரும்புச்சத்துக்காக முருங்கைக்கீரை, அது உடம்பில் சேர எலுமிச்சை; சேரவிடாமல் தடுக்கும் என்பதால் சாப்பாட்டோடு டீ மட்டும் கிடையாது. அவ்வளவுதான், அவள் சண்டையெல்லாம் டீக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் நாலு இளநீரோடு வந்தார். "அப்பாவுக்கு வெயிலுக்கு நல்லது அண்ணி." வேண்டாம் என்றேன், அதில் பொட்டாசியம் அதிகம் என்றேன். பெற்ற அப்பாவுக்கு ஒரு இளநீர் கொடுக்க மருமகள் உத்தரவு வேண்டுமா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டது போலத்தான் இருந்தது. மாமா மெதுவாக, "வழுக்கையாவது..." என்று இழுத்தார். நான் தலையை ஆட்டினேன், அதுவும் இல்லை என்று.

ஒன்றை மகள் குடித்தாள். ஒன்றை நான். மற்ற இரண்டையும் நாத்தனார் போகும்போது காரிலேயே திருப்பி வைத்துக்கொண்டார்.