அந்த இரண்டு பக்கத்தை யாராவது படியுங்களேன்!

நேற்று இரவு பதினொன்றரை மணி. ஓடுகிற வேனின் பின் சீட்டில் என் இடது காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கைப்பேசி டார்ச் வெளிச்சத்தில் ட்வீசரால் உள்ளங்காலைத் தோண்டிக்கொண்டிருந்தார் எங்கள் குழுவின் மூத்த அக்கா. "ஆட்டாதேடி, இதோ வந்துடும்." வந்தது. கார்பெட்டை மேடையோடு சேர்த்து அடிக்கிற பெரிய ஸ்டேப்ளர் பின், பாதி முறிந்து, ஒரு முனை மட்டும் கூராக. அதை மிதித்துக்கொண்டுதான் கடைசிப் பாட்டு முழுக்கச் சிரித்த முகமாக ஆடி முடித்திருந்தேன்.

சரி, விபத்து என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த மேடையில் கார்பெட்டே இருந்திருக்கக் கூடாது. "தரையில் கார்பெட் வேண்டாம்" என்று நாங்கள் எழுதியே கொடுத்திருந்தோம். தடித்த எழுத்தில். அடிக்கோடு போட்டு.

நாங்கள் எட்டுப் பேர். ஆடுகிறவர்கள் ஆறு பேர், டர்புக்கா என்கிற அரபு முழவு வாசிக்கிறவர் ஒருவர், கணக்கு, டிக்கெட், சண்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் ஒருவர். ஊர் ஊராகப் போய் பெல்லி டான்ஸ் ஆடுவது எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு நிகழ்ச்சியும் உறுதியானவுடன் ஏற்பாட்டாளருக்கு இரண்டு பக்கத் தாள் ஒன்று போகும். தொழிலில் அதற்கு ரைடர் என்று பேர். மேடை எப்படி இருக்க வேண்டும், உடை மாற்றும் அறையில் என்னென்ன வேண்டும், ஒலிக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான் அதில். தங்கத்தட்டு கேட்கவில்லை. அதை டைப் அடித்தவள் நான். எழுத்துப்பிழை பார்த்தவளும் நான். ஏழு வருடமாக அனுப்புகிறோம். "பார்த்துட்டோம் மேடம், எல்லாம் ரெடி" என்று பதில் வரும். ஒருவர்கூடப் படித்திருக்க மாட்டார். எனக்கு வயிறு எரிவது அந்தப் பதிலில்தான். படிக்கவில்லை என்று சொன்னால்கூட நாங்களே விளக்குமாறும் சுத்தியலுமாகக் கிளம்பிவிடுவோமே!

கார்பெட்டுக்கு வருகிறேன். பெரும்பாலும் நாங்கள் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். (அந்தக் கால எகிப்திய நடனக்காரி சாமியா கமால் ஹீல்ஸ் போட்டு ஆடிப் பேர் வாங்கினார் என்பார்கள். அவருக்கு வாய்த்த தரை எனக்கு வாய்த்தால் நானும் போட்டுக்கொள்வேன்.) முன்பாதத்தை ஊன்றிச் சுழலும்போது பாதம் தரையில் வழுக்கித் திரும்ப வேண்டும். கார்பெட் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பிவிடும், பாதம் திரும்பாது. நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். எங்கள் ஆறு பேரில் மூன்று பேர் முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஆடுகிறோம். பாவாடை நீளமாக இருப்பதால் அது யாருக்கும் தெரிவதில்லை.

கார்பெட் இல்லாவிட்டால் சிமென்ட். அடியில் மரச்சட்டம் கொடுத்துக் கொஞ்சம் மீள்கிற மாதிரி போட்ட தரை வேண்டும் என்று கேட்டிருப்போம். "தரை கெட்டியா இருக்கும் மேடம், நூறு பேர் ஏறினாலும் ஒண்ணும் ஆகாது" என்பார்கள். எனக்கு எதற்கு நூறு பேர்? சிமென்டில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு இறங்கினால், கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு முழுக்கத் தீக்குச்சி உரசின மாதிரி இருக்கும். மறுநாள் காலை படிக்கட்டில் பின்பக்கமாக இறங்க வேண்டியதுதான்.

இதைச் சொன்னபோது ஓர் ஏற்பாட்டாளர் கேட்டார்: "பெல்லி டான்ஸ்தானே மேடம்? வயித்தைத்தானே ஆட்டப் போறீங்க? காலுக்கு என்ன வந்துச்சு?"

கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாக்கிப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை.

பாதிக் குற்றம் அந்தப் பெயருடையது. அரபியில் இதற்கு ரக்ஸ் ஷர்கி, கிழக்கத்திய நடனம் என்று பேர். அதில் வயிறு எங்கேயும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் வயிற்று நடனம் என்று வைத்தார்கள். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் கெய்ரோ தெரு என்று ஒன்றை அமைத்து, வடஆப்பிரிக்க, அரபு நடனங்களைக் காட்டிக் காசு பார்த்தார்கள் கண்காட்சிக்காரர்கள். அமெரிக்கா முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அங்கிருந்து உலகம் முழுக்கவும். அன்றைக்கு வைத்த கண்ணை ஜனங்கள் இன்னும் வயிற்றிலிருந்து எடுக்கவில்லை. ஷிம்மி என்று இடுப்பு படபடவென்று நடுங்குகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? இரண்டு முழங்காலையும் மாற்றி மாற்றி, ஒரு விரற்கடை அளவுக்கு, வேகமாக மடக்கி நீட்டுவதிலிருந்து வருகிறது. இடுப்பில் கட்டிய காசுச்சரம் குலுங்குவது காது கேட்கும் பாதி. அடியில் கால் உழைப்பது யாரும் பார்க்காத மீதி.

இன்னொன்று. வீட்டு முற்றத்திலும் கல்யாண ஊர்வலத்திலும் ஆடிய காலத்தில் இந்த ஆட்டத்துக்குப் பெரிய இடம் தேவைப்படவில்லை. கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்று ஆடுவார்கள். 1926-ல் பேடியா மசாப்னி கெய்ரோவில் தன் கேளிக்கை அரங்கைத் திறந்து அதைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோன பிறகுதான் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்வது, சுழல்வது, கைகளை உயர்த்தி விரிப்பது, முக்காட்டுத் துணியை வீசுவது எல்லாம் இதன் அங்கமாகின. மேடைக்கென்றே வளர்ந்த ஆட்டத்தைக் கூப்பிட்டுவிட்டு மேடையைப் பற்றிக் கேட்காதே என்றால் எப்படி?

அடுத்தது உடை. இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் மேனேஜர் எழுந்து வெளியே போய்விடுவார்.

பெத்லா என்பது மேலே ஒன்று, இடுப்புக்கு ஒன்று, கீழே பாவாடை. மேலே போடுவதும் இடுப்பில் கட்டுவதும் முழுக்கக் கண்ணாடி மணி கோத்தது. என்னுடையது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தண்ணீரில் போட முடியாது, உள்ளே இருக்கும் அட்டையும் பசையும் ஊறிப்போகும். டிரை கிளீனிங் கொடுத்தால் மணிகளின் பூச்சு போய்விடும் என்று பயம். ஹேங்கரில் தொங்கவிடவும் கூடாது, கனத்தில் பட்டை இழுத்துக்கொள்ளும். விரித்துப் போட்டு, உள்பக்கம் மேலே வைத்து, காற்றில் உலர்த்த வேண்டும். அதனால் ரைடரில் கேட்பது ஒரு நீளமான மேசை, ஒரு ஃபேன், ஒரு கண்ணாடி. இதற்கு மேல் எளிமையாக ஒரு மனுஷி எப்படிக் கேட்பது?

கிடைப்பது ஸ்டோர் ரூம். கால் உடைந்த நாற்காலிகள், போன வருடத்து பேனர்கள், பெயின்ட் டப்பா. ஒரு முறை அறைக்குள் ஜெனரேட்டரே இருந்தது. கண்ணாடி கேட்டால், "செல்போன்ல முன் கேமரா இருக்குமே மேடம்." ஆறு பேர் ஒரு செல்போனைப் பார்த்து மை தீட்டிக்கொள்கிறோம், வெட்கமே இல்லாமல் வரிசையில் நின்று.

வியர்வையில் ஊறிய உடை உலராமல் பெட்டிக்குள் போகும். மறுநாள் மாலை வேறு ஊரில் அதைத் திறக்கிற தருணத்தை விவரிக்க மாட்டேன். இதற்கு நாடகக் கம்பெனிகளில் புழங்கும் பழைய வைத்தியம் ஒன்று உண்டு: மலிவான வோட்காவை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி உள்பக்கம் அடிப்பது. ஆல்கஹால் நாற்றத்தைக் குறைத்துவிட்டு ஆவியாகிவிடும், வாசமும் நிற்காது. ஆனால் அடித்த பத்து நிமிடத்துக்கு அறை சாராயக்கடை மாதிரி இருக்கும். சரியாக அந்தப் பத்து நிமிடத்தில்தான் விடுதியில் துண்டு கொடுக்க ஆள் வருவார். கையில் பாட்டிலோடு ஆறு பெண்கள். அவர் பார்க்கிற பார்வைக்கு நான் என்ன விளக்கம் சொல்ல? "துணிக்குண்ணா, துணிக்கு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். முன்னைவிட மோசமாகப் பார்த்தார்.

இந்த மணிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு, உதிரும். முன்னால் ஆடுகிறவள் உதிர்த்ததைப் பின்னால் வருகிறவள் மிதிப்பாள். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மேடையைப் பெருக்க ஒரு ஆள், அரை நிமிடம் போதும் என்று எழுதியிருக்கிறோம். அந்த ஆளை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஏசி காற்று நேராக மேடைமேல் விழக் கூடாது, பட்டுத்துணி முகத்தைச் சுற்றிக்கொள்ளும் என்பதும் ஒரு வரி. அதையும் யாரும் படித்ததில்லை. கண் தெரியாமல் மேடை விளிம்பை நோக்கி நான்கு எட்டு நடந்திருக்கிறேன். கூட்டம் கைதட்டியது.

ஒலி விஷயத்துக்கு வந்தால் எங்கள் டர்புக்காக்காரர் அழுதே விடுவார். பேச்சு குறைவான மனிதர். மேடையில் எங்களைப் பார்த்த மாதிரி ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டும், அது மட்டும்தான் அவர் சார்பில் நாங்கள் கேட்பது. ஏன் என்றால், ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரெல்லாம் கூட்டத்தைப் பார்த்தே இருந்தால், சத்தம் பதினேழு மீட்டர் தள்ளியிருக்கும் பின்சுவரில் பட்டுத் திரும்பி எங்கள் காதுக்கு வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். மக்சூம் என்ற தாளம், தும் தெக் - தெக் தும் - தெக் என்று போவது, வேகம் பிடித்து இடையில் சின்னச் சின்ன அடிகளும் சேர்ந்துவிட்டால் இரண்டு அடிக்கு நடுவில் இருக்கும் இடைவெளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவர் அடிக்கிற தெக் எனக்கு அடுத்த அடியாகக் கேட்கும். தனி ஆவர்த்தனம் மாதிரி முழவும் இடுப்பும் மட்டும் பேசிக்கொள்கிற கட்டத்தில், அவர் ஒன்று சொல்ல என் இடுப்பு வேறொன்று சொல்லும். பார்க்கிறவருக்கு இவளுக்குத் தாளமே வராது போல என்றுதான் தோன்றும். வரும் ஐயா, நன்றாக வரும், ஸ்பீக்கரைத் திருப்பி வையுங்கள்!

"நாளைக்கு வைக்கறோம் மேடம்" என்றார் ஒருவர். நிகழ்ச்சி ஒரே நாள்தான்.

எங்கள் காகிதத்தை ஒழுங்காகப் படிக்கிற ஒரே இடம் விமான நிலையம். வாள் நடனத்துக்கான வாள் எங்களிடம் இரண்டு உண்டு. கூர் கிடையாது, தலைமேல் வைத்துச் சமன் செய்ய மட்டும்தான். கைப்பையில் கொண்டுபோக முடியாது, லக்கேஜில் போட்டுவிடுவோம். கூடவே ஒரு கடிதம். எக்ஸ்ரே திரையில் வாளைப் பார்த்ததும் பெட்டியைத் திறந்து, அந்தக் கடிதத்தை ஒருவர் படிப்பார், அவருடைய மேலதிகாரி படிப்பார், அவர் இன்னொருவரிடம் கொடுப்பார். மற்றவர்கள் எரிச்சல்படுவார்கள், எனக்குக் கண் நிறைந்துவிடும். நான் எழுதியதை மூன்று பேர், முழுசாக!

நாங்களும் ஒன்றும் சுத்தம் இல்லை. தரை சரியில்லை, ஆட மாட்டோம் என்று ஒரு முறையாவது திரும்பி வந்திருக்கிறோமா? இல்லை. ஒரு நிகழ்ச்சியை மறுத்தால் அந்த ஏற்பாட்டாளருக்குத் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் நாலு நிகழ்ச்சியும் போகும் என்று மேனேஜர் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான், அதுவும் எனக்குக் கோபம்தான். முட்டிக்கு ஐஸ் வைத்துவிட்டு, மைக்கில் "அருமையான ஏற்பாட்டுக்கு நன்றி" என்றும் சொல்லிவிட்டு வருகிறோம். பிறகு ஏற்பாட்டாளர் ஏன் படிக்க வேண்டும்?

ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு பழைய அரங்கில், வேறு மாதிரி நடந்தது. நாங்கள் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தபோது மேடையில் வயதான ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாக நடந்துகொண்டிருந்தார். கையில் ஒரு கயிறு, கயிற்று முனையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். அதைத் தரையோடு இழுத்துக்கொண்டே போகிறார். பலகை இடுக்கிலிருந்து ஆணியும் பின்னும் துள்ளி வந்து ஒட்டிக்கொள்கின்றன. எங்களைப் பார்த்ததும் ஓரம் கட்டி நின்றார். சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் ஒன்று, வியர்வையில் நனைந்து, அதில் நான் டைப் அடித்தது தெரிந்தது. தரை பற்றிய வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு.

"கேட்டிருந்தீங்களேம்மா" என்றார்.

அன்றைக்கு நான் ஆடியது மாதிரி அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. முட்டிப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நாளைய ஊரிலிருந்து மேனேஜருக்குச் செய்தி வந்துவிட்டது. படத்தோடு. "மேடம்கிட்ட சொல்லுங்க சார், அவங்க வர்றாங்கன்னு மேடை முழுக்கப் புது கார்பெட் போட்டிருக்கோம்."