36 வீதம் எப்ப முழு இந்தியா ஆனது?

கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த கூட்டத்து வீடியோ எல்லாருடைய வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். "முழு இந்தியாவும் மோடிக்குப் பின்னால் நிற்கிறது" என்று பேச்சாளர் சொன்ன இடத்தில் விழுந்த கைதட்டலையும் கேட்டிருப்பீர்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2024 மக்களவைத் தேர்தலில் பாஜக எடுத்தது 36.6 வீத வாக்கு. 543 ஆசனத்தில் 240. பெரும்பான்மைக்கு 272 வேணும். தெலுங்கு தேசத்தின் 16, நிதிஷ் குமாரின் 12, இன்னும் சில சிறு கட்சிகள் முட்டுக்கொடுத்துத்தான் 293. அயோத்தி அடங்கிய பைசாபாத் தொகுதியே கோயில் திறந்து ஐந்து மாதம் ஆகமுதல் கைவிட்டுப் போனது. இதுதான் ஐயா சொல்லும் முழு இந்தியா.

2019இல் 37.4 வீதத்துக்கு 303 ஆசனம். வாக்கு ஒரு வீதம்கூடக் குறையவில்லை, 63 ஆசனம் போய்விட்டது. தொகுதியில் முதலாவதாக வருபவருக்கே ஆசனம் என்ற முறையில், எவ்வளவு வாக்கு என்பதைவிட அது எங்கே விழுந்தது என்பதுதான் பெரிசு. உத்தரப் பிரதேசத்தில் 62 ஆக இருந்தது 33க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் வாக்கு 11 வீதத்துக்கு ஏறியது, 39இல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே 303ஐக் கண்டு மக்கள் அலை என்பதும் பிழை, 240ஐக் கண்டு மக்கள் கைவிட்டார்கள் என்பதும் பிழை. இரண்டு தரமும் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான்.

"நேருவுக்குப் பிறகு தொடர்ந்து மூன்று முறை வென்றவர் இவர்தானே?" உண்மை, மறுக்கவில்லை. "கொழும்பில் இருந்துகொண்டு இந்தியாவைப் பற்றி உனக்கென்ன கதை?" கைதட்டியவர்களும் கொழும்பில்தானே இருந்தார்கள்?

அதுவும் இந்த ஊரில் இருந்துகொண்டு ஆசனக் கணக்கைக் கண்டு மயங்குவதுதான் விளங்கவில்லை. 1977 இலங்கைப் பொதுத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி 51 வீதம் கூட எடுக்கவில்லை. 168இல் 140 ஆசனம், ஆறில் ஐந்து. அந்தப் பலத்தில் அரசியலமைப்பு மாறியது. 1982இல் தன் கட்சி எம்.பி.மாரிடம் திகதியில்லாத ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு. அடுத்த வருடம் யூலை இனக்கலவரத்தில் தமிழருக்கு என்ன நடந்தது என்று வெள்ளவத்தைக்கு நான் சொல்லத் தேவையில்லை. "பலமான தலைவர் வேணும்" என்று அதே தெருவில் நின்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

ஆனால் என்னை உண்மையில் சுட்டது அந்த வசனம் இல்லை, அதற்கு அடுத்தது. "உலக இந்துக்களின் காவலன்." சரி, 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எடுத்துப் பாருங்கோ. பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான். அங்கேயிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவருக்குத்தான் அதில் குடியுரிமைக்கு வழி. இலங்கை இல்லை. மன்னார்த் திருக்கேதீச்சரச் சிவனைக் கும்பிட்டுவிட்டு அகதியாக இந்தியாவுக்கு வள்ளம் ஏறிய சனம் அந்தக் கணக்கில் இந்துவே இல்லை. அந்த மூன்று நாட்டுக்கும் அரச மதம் இருக்கிறதாம், அதுதான் காரணமாம். எங்கள் இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுப்பதை டில்லியில் ஒருவரும் வாசிக்கவில்லைப் போல.

திமுக மட்டும் என்ன கிழித்தது என்று கீழே வந்து எழுதுவீர்கள். எழுதுங்கோ. மாநிலங்களவையில் அந்தச் சட்டத்துக்கு அதிமுக கையுயர்த்தியதையும் சேர்த்து எழுதுங்கோ.

தமிழ்நாட்டில் எங்கள் அகதிகள் இருக்கும் மண்டபம் முகாமில் 1987 யூன் 30 பிறந்த பிள்ளை பிறப்பால் இந்தியக் குடிமகன். அடுத்த நாள் பக்கத்துக் கொட்டிலில் பிறந்த பிள்ளைக்கு, தாயோ தகப்பனோ இந்தியராக இருந்தால்தான் அது. அந்தப் பிள்ளைக்கு இப்ப வயது நாற்பதைத் தொடுகிறது. காவலனுக்காகக் கைதட்டிய ஒருவராவது அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச்சாளரிடம் ஒரு கேள்வி கேட்டாரா? கேள்வி நேரம் 20 நிமிடம் இருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், வடை சாப்பிட்டார்கள்.