பைப் பசையும் மாடல் பசையும் ஒன்றல்ல

“பிவிசி பைப் ஒட்டும் சால்வென்ட் சிமெண்டும் மாடல் கிட் பசையும் ஒன்றுதான், பேரை மாற்றிக் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

இரண்டுமே பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுபவை, அதுவரை சரி. ஆனால் மாடல் கிட்டுகள், அதாவது பாகங்களை ஒட்டிச் செய்யும் குட்டி விமானம், போர் டாங்க் போன்றவை, பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். பைப் பசை என்பது டெட்ராஹைட்ரோஃபியூரான், மெத்தில் எதில் கீட்டோன் போன்ற கரைப்பான்களில் பிவிசி பிசினைக் கரைத்த கெட்டிக் குழம்பு. அது பாலிஸ்டைரீனை வேண்டியதற்கு மேல் இளக்கும். இறக்கையில் முடி கனத்துக்கு இருக்கும் பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகள்) வழிந்து மறையும், மேலே பிசினும் படியும். மாடல் பசைக்கு உதாரணம், ஜப்பானிய மாடல் கிட் நிறுவனமான டாமியாவின் பச்சை மூடி ‘எக்ஸ்ட்ரா தின்’; அந்தப் பசையில் இருப்பது பியூட்டைல் அசிடேட்டும் அசிட்டோனும். தண்ணீர் மாதிரி இருக்கும். தூரிகை நுனியை இணைப்பில் தொட்டால் தானே உள்ளே ஓடிவிடும்.

நம்பிக்கை வரவில்லையா? இரண்டிலும் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளை தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். அப்புறம், பாகங்களைப் பிடித்திருக்கும் மிச்சச் சட்டத்தில் ஒரு சொட்டு வைத்தும் பார்க்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.