அந்த வீடியோவைப் பற்றி

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்தாகிவிட்டது. எனக்கே பதினோரு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பாலத்தடியில் படுத்திருந்த பெரியவரை எழுப்பி, இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, தலையையும் தாடியையும் மழித்து, தண்ணீர் ஊற்றி, புது வேட்டி கட்டி, பின்னால் அம்மா பாட்டு. நான் எழுத வந்தது அந்த வீடியோவைப் போட்ட பையனைத் திட்ட இல்லை. அதற்குக் கீழே ஒரு பெண் வந்து, "இவரிடம் கேட்டுவிட்டுச் செய்தீர்களா? இன்று இரவு இவர் எங்கே படுப்பார்?" என்று இரண்டே கேள்வி கேட்டாள். அவளை நீங்கள் எல்லாரும் சேர்ந்து பேசிய பேச்சு இருக்கிறதே, அதைப் பற்றித்தான்.

ஏசி ரூமில் உட்கார்ந்து பேசுகிறவள் என்றீர்கள். வெளிநாட்டுக் காசு தின்கிறவள் என்றீர்கள். என் சொந்தப் பெரியம்மா மகனே "ஏழைங்க இருந்தாத்தான் இவங்களுக்குப் பொழப்பு" என்று எழுதியிருக்கிறான். அதற்கு நானூறு லைக்.

அவளை எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு அவளுடைய அமைப்போடு போகிறேன். அவள் உட்காரும் இடம் வால்டாக்ஸ் ரோடு, என்.எஸ்.சி. போஸ் ரோடு, ராயபுரம் பக்கம். கடை ஷட்டர் எல்லாம் இறங்கியபிறகு, இரவு பத்தரைக்கு மேல், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஃபாரம் எழுதிக்கொடுப்பாள். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, விதவை உதவித்தொகை, பள்ளிக்கூட டி.சி. இதில் வீடியோ எடுக்க ஒன்றுமில்லை. ஒரு ஃபாரத்துக்கு ஏழெட்டு தடவை அலைய வேண்டியிருக்கும். அதை யார் பார்ப்பார்கள்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் வேண்டியது முகவரி. சோறு வேண்டாம் என்றா சொல்கிறேன்? வேண்டும்தான். ஆனால் முகவரி இல்லாதவரை நாளைக்கும் அதே சோற்றுக்குக் கை நீட்டத்தான் வேண்டும்.

போஸ் ரோட்டில் ஓர் அக்கா இருக்கிறார். பூ கட்டுகிறவர், அவர் பிறந்ததே அந்தப் பிளாட்பாரத்தில்தான். அவருடைய அம்மாவும் அங்கேதான். கழுவிக் காயவைத்த ஆவின் பால் கவருக்குள் எல்லாக் காகிதத்தையும் மடித்து வைத்து, இடுப்பில் சுருக்குப் பையோடு சேர்த்துக் கட்டியிருப்பார். மழை வந்தால் முதலில் கை போவது அந்தக் கவருக்குத்தான், அப்புறம்தான் பாய் தலையணை எல்லாம். இரவு படுக்கும்போது முந்தானையை மகள் மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றி முடிந்துகொள்வார். மகளுக்குப் பதிமூன்று வயசு. "யாராச்சும் இழுத்தா எனக்குத் தெரியணும் இல்ல" என்றார் என்னிடம், ஏதோ கொடியில் துணி காயப்போடுவதைச் சொல்வதுபோல. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் கதவுத் தாழ்ப்பாளைப் போடும்போது கை நின்றுவிட்டது.

அவருக்கு ரேஷன் கார்டு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். கேஸ் பில், இ.பி. பில், வாடகை ஒப்பந்தம், எது இருக்கிறது என்று கேட்டார்கள். மூன்று தலைமுறையாக பிளாட்பாரத்தில் இருக்கிறவரிடம் கரண்ட் பில் கேட்டால் எங்கே போவார்? எதுவும் இல்லை என்று சொன்னதற்கு, "அப்ப இவங்க சென்னையிலதான் இருக்காங்கன்னு நாங்க எப்படி நம்புறது" என்றார் அங்கே இருந்தவர். அக்கா ஒன்றும் பேசவில்லை. கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஐந்து மாதமாக அந்த ஃபாரத்துக்குப் பின்னால் அலைந்துகொண்டிருப்பவள்தான் நீங்கள் திட்டிய பெண்.

"சோறு போடுறவனை விட்டுட்டு, சட்டம் பேசுறவளைத் தூக்கிப் பிடிக்கிறியே" என்று கேட்பீர்கள். அவள் பேசுகிற சட்டத்தில் ஒன்று காப்பகம் பற்றிய உத்தரவு, அது எப்படி வந்தது என்று தெரியுமா? 2009 டிசம்பர் குளிரில் டெல்லி பூசா ரோடு ரவுண்டானாவில் வீடில்லாதவர்கள் இரவு தங்க இருந்த தற்காலிகக் காப்பகத்தை மாநகராட்சி இடித்துப் போட்டது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் 2010 ஜனவரியில் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்துதான் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும், படுக்கை, தண்ணீர், கழிப்பறையோடு இருக்க வேண்டும் என்ற உத்தரவு எல்லா மாநிலத்துக்கும் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 66 லட்சம் பேருக்கு மேல். அப்படியென்றால் அன்றைய கணக்குக்கே 66 காப்பகம் வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் இரண்டு வருடத்துக்கு முன்னால் தெரியாது. அந்தப் பெண்தான் காட்டினாள்.

அதே கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க வீடில்லாதவர்கள் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதுவும் கணக்கெடுக்கப் போன இரவில் கண்ணில் பட்டவர்கள் மட்டும். கோயம்பேட்டில் மூட்டை தூக்கப் போனவன், ஆஸ்பத்திரி வராண்டாவில் உள்ளே தள்ளிப் படுத்திருந்தவள், இவர்களை எல்லாம் யார் எண்ணினார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். சேலத்துக்காரர் ஒருவர், நிலமில்லாத கூலி. 1961-ல் பிழைப்புத் தேடி பம்பாய்க்குப் போனார். 1981 ஜூலை மழையில் அவர் குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மனைவியையும் பெண்பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு அவர் மறுபடி பம்பாய்க்கே போனார். ஏன் போனார்? ஊரில் வேலை இல்லை, அவ்வளவுதான். நடைபாதைவாசிகளுக்காகப் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் போட்ட வழக்கோடு அவருடைய மனுவும் சேர்ந்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1985-ல் வந்த தீர்ப்பு அவர்களை முழுசாகக் காப்பாற்றவில்லை, நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றுதான் முடிந்தது. ஆனாலும் பிழைப்பு என்பது உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று அதில்தான் எழுதிவைத்தார்கள். இன்றைக்கும் பிளாட்பாரத்தைக் காலி பண்ண வருகிறவர்களிடம் அந்தப் பெண் காட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

அதே 1985-ல் பம்பாயின் பைகுல்லா பிளாட்பாரங்களில், நடைபாதைவாசிகளோடு வேலை செய்த ஸ்பார்க் அமைப்பு அங்கேயே இருந்த பெண்களை வைத்துக் கணக்கெடுத்தது. கோலார் தங்கவயலிலிருந்து போன நம்ம ஜோக்கின் அற்புதம், குடிசைவாசிகளின் தலைவர், அவர்களோடு சேர்ந்தார். அந்தப் பெண்கள் ஒரு ரூபாய் இரண்டு ரூபாயாகச் சேர்த்தார்கள், தங்களுக்கு எந்த அளவில் வீடு வேண்டும் என்று புடவையைக் கட்டி அளந்து பார்த்தார்கள். மகாராஷ்டிரா அரசு நடைபாதைவாசிகளையும் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்த்தது 1995-ல். பத்து வருடம். பத்து வருடம் எந்த வீடியோ ஓடும்?

"எல்லா என்ஜிஓவும் யோக்கியமா?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. திருடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானே ஓர் இடத்தில் பார்த்துவிட்டு விலகி வந்தவள்தான். ஆனால் வெளிநாட்டுப் பணம் வாங்கினால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஒரே ஒரு வங்கிக் கிளையில்தான் வாங்க முடியும், அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வருடா வருடம் கணக்கு காட்ட வேண்டும். அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு கியூஆர் கோடு இருந்ததே, அதற்கு யாராவது கணக்கு கேட்டீர்களா? கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்டீர்கள்.

"காப்பகத்துல இடம் குடுத்தாலும் இவங்க வர மாட்டாங்க, இவங்களுக்கு பிளாட்பாரம்தான் பிடிக்கும்." இதைச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. காப்பகம் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், வயசுப் பையன் வேறொரு பக்கம் என்றால் நீங்கள் போவீர்களா? பூ மார்க்கெட் விடியற்காலையில். அந்த நேரத்தில் அங்கே இருந்தால்தான் அன்றைக்குக் கூலி. பெரும்பாக்கத்தில் வீடு தருகிறோம் என்றால், பாரிமுனையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். மூன்று மணிக்கு எந்த பஸ் வரும்? பிடித்துப்போயா முந்தானையை மகள் கையில் கட்டிக்கொண்டு படுக்கிறார்?

"அந்தத் தம்பி நல்ல மனசோடதான செஞ்சான்" என்றும் கேட்கிறீர்கள். இருக்கலாம். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை இங்கே எழுதியதில்லை.

எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே மனநிலை சரியில்லாமல் போய்விட்டது. மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், கட்டியும் வைத்தார்கள். ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயசு. அப்பா இரண்டு மாதம் தேடினார், அப்புறம் விட்டுவிட்டார். வீட்டில் அவள் பேரைச் சொல்வதையே நிறுத்திக்கொண்டோம். யாராவது கேட்டால் சித்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம் என்று அம்மா சொல்லுவாள். நானும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

ஆறு வருடம் கழித்து ஒரு போன். சென்னையில் தெருவில் கிடந்தவளை ஓர் அமைப்பு கூட்டிக்கொண்டு போய் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். எட்டு மாதம். அவள் பேச ஆரம்பித்ததும் சொன்னது மூன்றே விஷயம்: மயிலம் தேர், வாசல் புளியமரம், ரெட்டணை பஸ். அந்த மூன்றை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்த்த ஒருவர் ஊர் ஊராக வி.ஏ.ஓ.வுக்குப் போன் பண்ணி எங்களைக் கண்டுபிடித்தார்.

போய்ப் பார்த்தபோது அவள் முடி ஒட்ட வெட்டியிருந்தது. பேன், சீழ் என்று வைத்துக்கொள்ள முடியாமல் போயிருந்ததாம். அங்கே வேலை பார்த்த பெண்மணி ஒருவர் அப்பாவிடம் சொன்னார், "அவங்க சம்மதிக்கிற வரைக்கும் நாங்க முடியில கை வைக்கல சார், பத்தொன்பது நாள் ஆச்சு." பத்தொன்பது நாள் அவர்கள் காத்திருந்தார்கள். சொந்த அண்ணன், அதே அத்தையைக் கயிற்றால் கட்டி வைத்தவர், அந்த இடத்தில் நின்றுகொண்டு அழுதார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அத்தையை அந்த ஆறு வருடத்தில் யாராவது இப்படிப் பிடித்து மழித்து, முன்பு இப்படி, இப்போது இப்படி என்று பாட்டுப் போட்டு ஏற்றியிருந்தால்? அதையும் பதினோரு பேர் எனக்கு அனுப்பியிருப்பீர்கள். மழித்த கையோடு மறுபடி அதே பாலத்தடியில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பெரியவருக்கும் எங்கேயோ ஒரு புளியமரம், ஒரு பஸ் இருக்கும். அதை யார் கேட்டார்கள்? வீடியோ நான்கு நிமிடம் ஓடுகிறது, அவருடைய குரல் ஒரு இடத்தில் வருகிறது. சத்தத்தை வைத்துக் கேளுங்கள். "வேணாம்ப்பா" என்கிறார்.

2017 மனநலச் சட்டத்தில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் மனநலம் சரியில்லாமல் அலைகிறவரைப் பார்த்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது அவர்கள் பொறுப்பு. பெண்களாக இருந்தால், தெருவில் அலையும் மனநலம் சரியில்லாத பெண்களைப் பார்த்துக்கொள்ளும் பான்யன் அமைப்பு 1993-லிருந்து சென்னையில் இருக்கிறது. இவ்வளவுதான் நீங்கள் திட்டிய அந்தப் பெண்ணும் அந்தக் கமெண்ட்டில் அடுத்து எழுத இருந்தாள், அதற்குள் விரட்டிவிட்டீர்கள். அக்கவுண்டையே மூடிவிட்டாள்.

"நீ என்ன கிழிச்சே" என்று இன்பாக்ஸில் கேட்ட தம்பிக்கு: பெரிதாக ஒன்றுமில்லை. அத்தை இப்போது எங்களோடு பெரம்பூரில்தான் இருக்கிறாள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், கொஞ்சம் மந்தமாக இருக்கும். இரவு எல்லாரும் படுத்தபிறகு எழுந்துபோய்த் தாழ்ப்பாளை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

வரும் புதன்கிழமை காலை பத்தரைக்கு பூக்கார அக்காவோடு மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போகிறோம். இந்தத் தடவை வட்டாரத்துக் கடைக்காரர்கள் மூன்று பேர், "இவர் இங்கேதான் இருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். கூட நின்று பேச ஆள் வேண்டும். வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள், போனை மட்டும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.