பேட்டரி இல்லாத சோலார் வீண் செலவா?

"பேட்டரி வைக்காவிட்டால் பகலில் வரும் கரண்ட் எல்லாம் வீண். பேட்டரி வைத்துவிட்டால் மின்வெட்டே தெரியாது." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியில் முதல் பாதி பெரும்பாலும் தவறு, இரண்டாம் பாதி அரைகுறை.

மின்கம்பியோடு இணைந்த சோலாரில், வீடு பயன்படுத்தியது போக மிஞ்சும் கரண்ட் கம்பி வழியே வெளியே போகிறது. அதற்கு ஈடாக பில்லில் யூனிட்டைக் கழிக்கும் நெட் மீட்டரிங் முழு அளவில் இருந்தால், அந்தக் கம்பியே உங்கள் பேட்டரி மாதிரிதான். வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு அற்ப விலைதான் கிடைக்கிறது, மாலையில் வாங்கும் யூனிட்டுக்கு விலை அதிகம் என்றால் கணக்கு பேட்டரி பக்கம் சாயும்.

சரி, மின்வெட்டு? பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர் (பேனல் தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் கருவி), கம்பியில் மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலிலும்கூட. பழுது பார்க்கும் ஊழியர் மீது மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் பேட்டரியை மட்டும் வாங்கிவைத்தாலும் விளக்கு எரியாது. கம்பியிலிருந்து வீட்டைப் பிரித்துத் தனியாக ஓட்டும் வசதி இன்வெர்ட்டரில் வேண்டும்.

அப்புறம் அளவு. 5 யூனிட் பேட்டரியில் 75 வாட் ஃபேன் ஒன்றும் 9 வாட் பல்பு நான்கும் ஒன்றரை நாள் ஓடும். 1,000 வாட் இழுக்கும் ஏசி ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது.