ஒரு பவுண்டுக்குக் கைமாறிய கிளப்

2019 மே 18, வெம்ப்ளி. இங்கிலாந்துக் கால்பந்தின் பழம்பெரும் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டியில் வாட்ஃபோர்டை 6-0 என்று அடித்து நொறுக்கியது மான்செஸ்டர் சிட்டி. 116 வருடமாக யாரும் தொடாத ஒரு சாதனை அன்று சமன் ஆனது. 1903 இறுதிப் போட்டியில் டெர்பி கவுண்டியை இதே 6-0 கணக்கில் வென்ற அணி, பெரி. அந்த வருடக் கோப்பைப் போட்டிகளில் முதல் ஆட்டத்திலிருந்து கடைசி வரை ஒரு கோல்கூட வாங்காத அணி.

வெம்ப்ளியில் சிட்டி ஜெயித்து மூன்று மாதம் ஆகியிருக்கும். ஆகஸ்ட் 27 இரவு, அந்தப் பெரி கிளப்பை இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 134 வருடக் கிளப். 125 வருடம் லீக்கில் ஆடிய கிளப். ஆட்டத்தில் தோற்று வெளியே போகவில்லை. கணக்குப் புத்தகத்தில் தோற்றது.

நான் மான்செஸ்டரில் வேலை பார்ப்பவன். இங்கே விக்டோரியா ஸ்டேஷனில் மஞ்சள் டிராம் ஏறினால் அரை மணி நேரத்தில் கடைசி ஸ்டாப் பெரி. நம்ம ஊர்ப் பசங்களிடம் யுனைடெட், சிட்டி, லிவர்பூல் என்று பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசுவார்கள். பெரி என்றால் "அது எங்கே இருக்கு?" என்பார்கள். அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பெரி ஒரு நெசவாலை ஊர். பள்ளிக்கூடத்தில் தொழிற்புரட்சிப் பாடத்தில் "பறக்கும் நாடா, ஜான் கே, 1733" என்று மனப்பாடம் செய்தோமே, அந்த ஜான் கே இந்தப் பக்கத்துக்காரர்தான். பஞ்சாலைக்காரர்களின் சனிக்கிழமை மதியம்தான் லங்காஷயர் கால்பந்தின் ஆணிவேர். 1885-ல் ஊரில் இருந்த இரண்டு சர்ச் அணிகள், வெஸ்லியன்களும் யூனிடேரியன்களும், ஒன்றாகச் சேர்ந்து தொடங்கியதுதான் பெரி கிளப். கிக் லேன் மைதானத்துக்கும் அதே வயசு. அந்த நிலம் டெர்பி பிரபுவுக்குச் சொந்தமானது. 1922-ல் அவர் அதைக் கிளப்புக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பெரி ரசிகர்கள் தங்களை "ஷேக்கர்ஸ்" என்று சொல்லிக்கொள்வார்கள். 1892-ல் ஒரு பெரிய போட்டிக்கு முன்னால் கிளப் தலைவர் இங்ஹாம், எதிரணியை ஓர் உலுக்கு உலுக்கிவிடுவோம், நாமே உலுக்குகிறவர்கள்தானே என்று சொன்னாராம். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. வெறும் பேச்சும் இல்லை. 1900-ல் சவுத்தாம்ப்டனை 4-0 என்று வென்று முதல் கோப்பை, 1903-ல் இரண்டாவது. இரண்டு இறுதிப் போட்டி, பத்து கோல், வாங்கியது பூஜ்யம். 1926-ல் நாட்டின் முதல் டிவிஷனில் நாலாவது இடம். 1960-ல் பக்கத்து ஊர் போல்டனோடு நடந்த கோப்பை ஆட்டத்துக்கு கிக் லேனில் 35,000 பேர்.

அதற்குப் பிறகு பெரும்பாலும் கீழ் டிவிஷன்களில்தான். ஆனால் சின்ன கிளப்புகள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: காலின் பெல். மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவரை வளர்த்துக் கேப்டனாக்கி 1966-ல் சிட்டிக்கு அனுப்பிய கிளப் பெரி. லிவர்பூலின் டெர்ரி மெக்டெர்மட்டும் இங்கே ஆரம்பித்தவர்தான். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய கேரி நெவில், ஃபில் நெவில் சகோதரர்களின் அம்மா இந்தக் கிளப்பின் செயலாளராகப் பல வருடம் இருந்தவர். அப்பாவும் கிளப்புக்காக உழைத்தவர். அவர் பெயரில்தான் இங்கே ஒரு ஸ்டாண்ட். பெரிய மரங்களுக்குத் தண்ணீர் போவது இந்த மாதிரிச் சின்ன வாய்க்கால்கள் வழியாகத்தான்.

1998 பிப்ரவரியில் பெரி, சிட்டியை அவர்களின் சொந்த மைதானமான மெயின் ரோட்டிலேயே 1-0 என்று தோற்கடித்தது. இரண்டும் ஒரே டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த காலம். இருபத்தொரு வருடத்தில் ஒரு கிளப் எங்கே போனது, இன்னொன்று எங்கே போனது! சிட்டி ரசிகர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு கிளப்பின் தலையெழுத்தையும் மாற்றியது களத்தில் நடந்த எதுவும் இல்லை. யார் கையில் கிளப்பின் பத்திரம் இருந்தது என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

2018 டிசம்பரில் பெரி கிளப் கைமாறியது. விலை ஒரு பவுண்டு. வாங்கினவர், பெரி என்று ஒரு கால்பந்து கிளப் இருப்பதே தனக்குத் தெரியாது என்று பின்னால் வெளிப்படையாகவே சொன்னார். கிளப்பை நடத்தக் கையில் பணம் இருக்கிறது என்பதற்கு லீக் கேட்ட ஆதாரத்தை அவர் தரவில்லை. அதற்குள் கைமாற்றம் முடிந்தேவிட்டது. அன்றைய விதிகள் அப்படி இருந்தன. முதலில் வாங்கு, பிறகு காட்டு. ஒரு வாடகை வீட்டுக்குக்கூட மூன்று மாதச் சம்பள ரசீது கேட்கிற நாடு இது!

பழியை முழுக்க அவர் ஒருவர் தலையில் போட்டுவிட்டுத் தப்பிக்கவும் எனக்கு மனசில்லை. அவருக்கு முந்தைய உரிமையாளர் காலத்திலேயே வரவுக்கு மீறிய செலவு நடந்தது. தகுதிக்கு மீறிய சம்பளத்தில் வீரர்கள் வந்தார்கள். தானமாக வந்த அந்த மைதானம் அடமானத்துக்குப் போயிருந்தது. கார் நிறுத்தும் இடங்களைக்கூட முதலீட்டாளர்களுக்குத் துண்டு துண்டாக விற்றிருந்தார்கள். புது வீரர் வரும்போதெல்லாம் எந்த ஊர் ரசிகரும் கைதட்டத்தான் செய்கிறார். பணம் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. என் அணி விஷயத்தில் நானும் கேட்டதில்லை.

அந்த சீசனில் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் சரியாக வரவில்லை. அப்படியும் அந்த வீரர்கள் ஆடி, தங்கள் டிவிஷனில் இரண்டாவது இடம் பிடித்து, மேல் டிவிஷனுக்கு உயர்ந்தார்கள். 2019 ஏப்ரல் 30, டிரான்மியரில் 1-1 டிரா, அதோடு அந்த உயர்வு உறுதியானது. சம்பளம் வராத மனுஷன் அந்த ஓட்டம் ஓடுகிறான் என்றால் அது யாருக்காக?

ஆகஸ்ட் 27. புதிதாக வாங்க வந்தவர்களோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. அதை முடிக்க லீக் வைத்தது மாலை 5 மணி கெடு. சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில், மைதானத்தைச் சுத்தம் செய்ய வாருங்கள் என்று அழைப்பு. நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். வேலைக்கு லீவு போட்டு, துடைப்பம், வாளி, துணியோடு வந்தார்கள். மாதக்கணக்காகத் தூசி படிந்த நீல நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். அவர்கள் துடைத்துக்கொண்டிருந்தபோதே வாங்க வந்தவர்கள் பின்வாங்கிவிட்ட செய்தி வந்தது. இரவு லீக் அறிவித்தது: பெரி வெளியே. 1992-ல் மெய்ட்ஸ்டோன் கிளப்புக்குப் பிறகு, ஆட்டத்தில் தோற்றுக் கீழே இறங்காமல் லீக்கை விட்டுப் போன முதல் கிளப். அதே கோடையில் பிரீமியர் லீக் கிளப்புகள் வீரர்களை வாங்கச் செலவழித்தது நூறு கோடி பவுண்டுக்கும் மேல்.

"நஷ்டத்தில் ஓடும் கம்பெனி மூடத்தானே வேண்டும், இதில் என்ன அழுகை" என்று என் அலுவலகத்தில் ஒருவர் அப்போது கேட்டார். கம்பெனி மூடினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். பெரி மூடிய பிறகு பெரி ரசிகர் யாரும் போல்டனுக்கோ ராச்டேலுக்கோ போகவில்லை. தாத்தாவின் அஸ்தியைக் கரைத்த ஆற்றுக்குப் பதிலாக வேறு ஆறு இருக்கிறதே என்று யாரும் சொல்ல முடியுமா? ஊர் மொத்தமும் நான்கு தலைமுறையாகக் காசு போட்டு, குரல் கொடுத்துக் காப்பாற்றிய ஒன்றை, ஒரு பவுண்டு கொடுத்தவரின் தனிச் சொத்து என்று சட்டம் சொன்னால், சட்டத்தில்தான் பிழை.

ரசிகர்கள் அதோடு விடவில்லை. பெரி ஏ.எஃப்.சி. என்று புதிதாக ஆரம்பித்து, பக்கத்து ராட்கிளிஃப் ஊரின் மைதானத்தை இரவல் வாங்கி ஆடினார்கள். இன்னொரு கூட்டம், கிக் லேனை மீட்டால்தான் பெரி என்று நின்றது. அரசு நிதி பத்து லட்சம் பவுண்டு உட்படப் பணம் திரட்டி 2022-ல் மைதானத்தை வாங்கினார்கள். மைதானம் ஒரு கூட்டத்திடம், அணி இன்னொரு கூட்டத்திடம்! ஒன்று சேர நடந்த முதல் வாக்கெடுப்பு, தேவையான அளவு ஓட்டு விழாமல் தோற்றது. வருத்தமான மாதங்கள் அவை. 2023-ல் மறுபடி வாக்கெடுத்து ஒன்றானார்கள். ஒன்பதாம் அடுக்கு லீக்கில், சொந்த மண்ணில், மறுபடி ஆட்டம். 2025 ஏப்ரலில் சாம்பியன் பட்டம் யாருக்கு என்ற கடைசி ஆட்டத்துக்கு எட்டாயிரத்துக்கும் மேல் கூட்டம். பெரி ஜெயித்து மேலே போனது.

அதே 2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. கிளப்பை வாங்குகிறவரின் பணத்தையும் பின்னணியையும் சோதிக்க, லீக்குகளைச் சாராத ஒரு தனி அமைப்பு. அரசு எதற்கு விளையாட்டில் மூக்கை நுழைக்கிறது என்று சில பெரிய கிளப்புகள் முணுமுணுத்தன. நான் இந்தச் சட்டத்தை முழு மனசோடு ஆதரிக்கிறேன். ஆறு வருடம் தாமதமாக வந்தது என்பதுதான் என் வருத்தம்.

பெரி கிக் லேனுக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு சனிக்கிழமை நானும் போனேன். டிராம் ஸ்டேஷனிலிருந்து நடந்தேன். முன்னால் பின்னால் எல்லாம் நீல வெள்ளை ஸ்கார்ஃப்தான். உள்ளே என் பக்கத்தில் ஒரு பெரியவர். இது என்னுடைய பழைய இடம் என்றார். பர்ஸைத் திறந்து ஓர் அட்டையைக் காட்டினார். 2019-20 சீசன் டிக்கெட். ஓரம் நைந்திருந்தது, ஆனால் ஒரு தடவைகூட உபயோகப்படாதது. நான் பார்த்து முடித்ததும் வாங்கித் துடைத்து உள்ளே வைத்தார். அணிகள் வெளியே வர, எழுந்து நின்றார்.